தாழ்ப்பாள்

பழைய பிஸ்கட் டப்பாதான்.
மூடியைக் கத்தியால் கீறி
அதற்கொரு வாய் வைத்தேன்.
"பேர் எழுத வேண்டாம்,
மனசில் இருப்பதை எழுதிப் போடுங்கள்"
என்று சொன்னபோது
நாலாம் வகுப்பு மொத்தமும்
யாரையோ மாட்டிவிடப் போகிறேன் என்பதுபோல் பார்த்தது.
ஜன்னலுக்கு வெளியே
யானைமலை படுத்தே கிடந்தது.

முதல் வாரம்
ஒரு புளியங்கொட்டை,
மாட்டுத்தாவணி போகும் பஸ் டிக்கெட்,
'சார் நல்லவர்' என்று
ஒரே கையெழுத்தில் ஒன்பது சீட்டு.

அடுத்த வாரம் கொஞ்சம் இளகியது.
'கிச்சடியில கேரட்ட நிறுத்துங்க.'
'காத்தாடி உங்களுக்கு மட்டும் சுத்துது.'
'என் பேரு பாண்டிதர்ஷன். குண்டா இல்ல.'
'நீங்க சிரிச்சா அடிக்கப் போற மாதிரி இருக்கு.'
அன்றிரவு கண்ணாடி முன் நின்று
சிரித்துப் பார்த்தேன்.
உண்மைதான்.

அப்புறம் வந்தது அது.
கோடு போட்ட நோட்டில் கிழித்து
எட்டாக மடித்த சீட்டு.
'பொம்பளப் புள்ளைங்க கக்கூசுல தாப்பா இல்ல.
அதான் நான் தண்ணி குடிக்கறதில்ல.'

'தாப்பா'வை
'தாழ்ப்பாள்' என்று திருத்தப் போன சிவப்புப் பேனா
பாதியில் நின்றது.

பதினொரு மணிக்குத்
தலை வலிக்கிறது என்பாள் அழகுநிலா.
மதியம் வயிறு.
கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால்
பக்கத்து வீட்டில் அரிசி கேட்க வந்தவள்போல
பத்தாம் இடத்து வாசலிலேயே நின்றுவிடுவாள்.
மூன்று பருவமாய் அவளை
'அரும்பு' நிலையில் வைத்திருந்தேன்.
'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன்.
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அவள்தான் எழுதினாளா, தெரியாது.
கேட்கவில்லை.
பேர் வேண்டாம் என்றது நான்தானே.
சாயங்காலம் பாட்டில்களை மட்டும்
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன்.
பெண்பிள்ளைகளின் பதினாலில் பதினொன்று
காலையில் வந்த கனத்திலேயே இருந்தன.

தலைமையாசிரியை வசந்தமல்லி
போன வருஷமே கடிதம் போயாச்சு என்றார்.
நினைவூட்டல் இரண்டு.
பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்,
தேதி, எண், முத்திரை, எல்லாம் சரி.

ஒத்தக்கடை நாகூர்கனி கடையில்
நாற்பத்தைந்து ரூபாய்.
"வீட்டுக்கா சார்?"
ஆமாம் என்றுவிட்டேன், ஏனோ.

சனிக்கிழமை.
உளுத்துப்போன கதவு.
மூன்று முறை வழுக்கிய ஸ்க்ரூ
நாலாவதில் பிடித்தது.
உள்ளே போய்த் தாழ் போட்டு
சிறிது நேரம் நின்றேன்.
பிறகு ஒன்றாம் வகுப்பின் உயரத்துக்குக்
குந்திப் பார்த்து
கழற்றி
ஒரு சாண் இறக்கினேன்.

திங்கட்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை.
புதன்கிழமை
தண்ணீர்க் குழாயடியில் வரிசை.

மாசக் கடைசியில் ஒரு படிவம்:
'கற்றல் முன்னேற்றத்துக்குக் கையாண்ட உத்தி.'
தாழ்ப்பாள் என்று எழுதினேன்.
வட்டார வள மையத்திலிருந்து போன்:
"கட்டம் மாத்தி நிரப்பிட்டீங்க சார்,
அது பராமரிப்புல வரும்."

அழகுநிலா இன்னும் கழித்தலில் தவறுகிறாள்.
தவறிவிட்டு
"இது ஏன் சார் தப்பு?" என்று எழுந்து நிற்கிறாள்.
சில நாள் எனக்கே எரிச்சல் வருகிறது.

டப்பாவை வெள்ளிதோறும் திறக்கிறேன்.
'எங்கம்மா திருப்பூர்லருந்து எப்ப வரும்?'
இதற்கு எந்தக் கடையில் என்ன வாங்க?
சட்டைப்பையில் வைத்தேன்,
இரண்டு தடவை துவைத்தும் போயாச்சு.

பாடம் நடக்கையில்
மைதானத்துக்கு அந்தப் பக்கம்
'டக்' என்று ஒரு சத்தம்.
சாக்பீஸ் தானாக நின்றுவிடுகிறது,
அடுத்த 'டக்' கேட்கும்வரை.

"எழுதுங்க சார்" என்கிறான்
குண்டா இல்லாத
பாண்டிதர்ஷன்.